அத்திலாந்திக்கில் நீரோட்டம் தளர்ந்தால் இரணைமடுவுக்கு என்ன?

தம்பி, நீங்கள் கேட்டது மூன்று கேள்வி. அத்திலாந்திக் சமுத்திரத்தின் பெரிய நீரோட்டம் நிற்கப் போகிறது, ஐரோப்பா உறையப் போகிறது என்று யூரியூப்பில் பார்த்தீர்கள், அது உண்மையா? ஒஸ்லோவில் இருக்கும் அக்கா குடும்பமும் முல்லைத்தீவில் இருக்கும் நீங்களும் பயப்பட வேண்டுமா? கடைசியாக, கரைவலைச் சம்மாட்டியான உங்கள் மாமா "இப்ப நீரோட்டம் முந்தி மாதிரி இல்லை" என்கிறாரே, அதுவும் இதே கதைதானா?

சுருக்கமாகச் சொன்னால், அந்த ஓட்டம் இந்த நூற்றாண்டில் தளரும் என்பது பெரும்பாலும் உறுதி. நிற்பதும் நடக்கலாம், ஆனால் யாராலும் திகதி குறிக்க முடியாது. அக்கா பெட்டி கட்டத் தேவையில்லை. வன்னியில் இருப்பவர்கள் இதைப் பற்றி யோசிக்க வேண்டியது மழைக்காக. மாமா சொல்வது வேறு நீரோட்டம். முப்பது வருடம் புவியியல் படிப்பித்த எனக்கு இவ்வளவோடு நிறுத்திப் பழக்கமில்லை. நேரம் இருந்தால் தொடர்ந்து வாசியுங்கள்.

முதலில் உங்கள் வீட்டுக் கிணற்றைப் பாருங்கள். கடற்கரையோரக் கிணறு என்றால், மாரி மழைக்குப் பிறகு மேலே நல்ல தண்ணி நிற்கும், அடியில் சவர். மோட்டரை அளவுக்கு மிஞ்சி ஓடவிட்டால் அடியில் கிடந்த சவர் மேலேறி, தேத்தண்ணியே உப்புக் கரிக்கும். உப்புக் கரைந்த தண்ணி கனம், மழைத் தண்ணி லேசு. லேசானது மேலே மிதக்கும். வயற்காரருக்கும் இது புதிதல்ல. முட்டை மிதக்கும் பதத்துக்கு உப்புக் கரைத்து விதைநெல்லைக் கொட்டினால் சப்பி மேலே வரும், மணி பிடித்தது அடியில் தங்கும். இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒரே அளவு உப்புள்ள கடல்நீரில் குளிர்ந்ததுதான் கனக்கும். அத்திலாந்திக்கின் அந்தப் பெரிய ஓட்டத்தை விளங்கிக்கொள்ள இந்த இரண்டும் போதும், உப்பும் குளிரும். காற்றுக்கும் அதில் பங்குண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

வெப்ப வலயத்தில் சூடேறிய மேல்நீர் அத்திலாந்திக் வழியாக வடக்கே போகிறது. போகும் வழியில் ஆவியாகிறது. அந்த ஆவியில் ஒரு பங்கை வியாபாரக் காற்று மத்திய அமெரிக்காவின் ஒடுங்கிய நிலத்துக்கு மேலாகக் காவிக்கொண்டுபோய்ப் பசுபிக்கில் மழையாகக் கொட்டிவிடுகிறது. தண்ணி போக, உப்பு மிஞ்சுகிறது. அதனால் அத்திலாந்திக் எப்போதும் பசுபிக்கைவிட உப்புக் கூடிய சமுத்திரம். இந்த உப்புநீர் கிறீன்லாந்து, ஐஸ்லாந்து, நோர்வே மூன்றுக்கும் நடுவிலுள்ள கடல்களுக்கும் லப்ரடோர் கடலுக்கும் போய்ச் சேருகிறது. அங்கே குளிர்காலக் காற்றில் சூட்டை இழந்து, கனத்து, இரண்டு மூன்று கிலோமீற்றர் ஆழத்துக்கு இறங்கி, அடியோடு அடியாகத் தெற்கே திரும்புகிறது. தென்முனையைச் சுற்றியுள்ள கடலில் ஓயாமல் வீசும் மேலைக்காற்று அதைத் திரும்ப மேலே இழுத்தெடுக்கிறது. ஒரு சுற்று முடிய நூற்றுக்கணக்கான வருடம், சில பாதைகளில் ஆயிரம் வருடமும் ஆகும். இந்தச் சுற்றைத்தான் ஆங்கிலச் சுருக்கத்தில் அமொக் என்கிறார்கள். அத்திலாந்திக்கின் தென்வடல் புரள்வோட்டம் என்று தமிழில் சொல்லலாம்.

அளவைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். 26 பாகை வட அகலக்கோட்டில் அளந்தால் செக்கனுக்கு ஏறத்தாழ 17 மில்லியன் கனமீற்றர் தண்ணி வடக்கே போகிறது. கிளிநொச்சியின் இரணைமடுக் குளம் நிறைந்து நின்றால் 14, 15 கோடி கனமீற்றர் பிடிக்கும். கனகராயன் ஆறு ஒரு மாரி முழுக்க ஓடி நிரப்பும் அந்தக் குளத்துக்கு இந்த ஓட்டத்தைத் திருப்பிவிட்டால் பத்துச் செக்கன்கூட எடுக்காது. உலகத்து ஆறுகள் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தாலும் செக்கனுக்கு 1.2 மில்லியன் கனமீற்றர் அளவுதான் வரும். இது காவும் வெப்பம் 1.2 பெற்றாவாற். நுரைச்சோலை மின்நிலையம் முழுதாக ஓடினால் 900 மெகாவாற் தரும். அப்படிப் பதின்மூன்று இலட்சம் நுரைச்சோலைகளை வைத்து வடக்கைச் சூடாக்குவதற்குச் சமம் இது.

வீடியோக்கள் செய்யும் ஒரு பெரிய பிழையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கல்ஃப் ஸ்ட்ரீம் எனப்படும் வளைகுடா நீரோட்டம் நின்றுவிடும் என்பார்கள். அது நிற்காது. அமெரிக்காவின் கிழக்குக் கரையோரம் ஓடும் அந்த நீரோட்டத்தைப் பெரும்பாலும் காற்றும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து ஓட்டுகின்றன. இரண்டும் இருக்கும்வரை அதுவும் இருக்கும். புளோரிடாவுக்கும் பஹாமாசுக்கும் இடையில் அதை 1982 முதல் ஒரு கடலடித் தொலைபேசிக் கம்பியை வைத்து அளந்திருக்கிறார்கள். (உப்புநீர் பூமியின் காந்தப் புலத்தை ஊடறுத்து ஓடும்போது கம்பியில் உண்டாகும் சின்ன மின்னழுத்தம்தான் அளவுகோல். இதைவிட மலிவான கெட்டித்தனத்தை நான் அறிந்ததில்லை.) நாற்பது வருடக் கணக்கில் அந்த ஓட்டம் பெரிதாக மாறவில்லை. தளரும் என்று நாம் பேசுவது, வடக்கே போய் அமிழ்ந்து அடியால் திரும்பும் புரள்வோட்டத்தை. வளைகுடா நீரோட்டத்தின் ஒரு பங்குதான் அதில் சேருகிறது.

சரி, அது ஏன் தளர வேண்டும்?

வன்னிக்கு எரிபொருள் வராத காலத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை லேசாக விளங்கப்படுத்தலாம். மண்ணெண்ணெயைப் பரலில் இருந்து கானுக்கு மாற்றுவதென்றால் ஒரு ரியூப்பை உள்ளே விட்டு மற்ற முனையில் வாயை வைத்து உறிஞ்சுவோம். ஒருமுறை வரத் தொடங்கினால் பிறகு யாரும் உறிஞ்சத் தேவையில்லை, தானே ஓடும். போகிற எண்ணெய்தான் பின்னால் வருகிற எண்ணெயை இழுக்கிறது. ஆனால் ரியூப்பின் முனை ஒரு கணம் வெளியே வந்து காற்றுப் புகுந்துவிட்டால் நின்றுவிடும். முனையை மறுபடி அமிழ்த்தினாலும் ஓடாது. திரும்பவும் வாயை வைக்க வேண்டும், அந்த நாற்றம் போக இரண்டு நாள்.

அமொக்கும் அப்படித்தான். ஓட்டம் உப்பைக் கொண்டுவருகிறது. உப்பு தண்ணியை அமிழ்த்துகிறது. அமிழ்வது அடுத்த தண்ணியை இழுக்கிறது. வடக்கே நன்னீர் அதிகமாகக் கலந்தால் மேல்நீர் லேசாகி அமிழ மறுக்கும். அமிழாவிட்டால் ஓட்டம் தளரும், ஓட்டம் தளர்ந்தால் வரும் உப்பு குறையும், உப்புக் குறைந்தால் இன்னும் அமிழாது. ஓரளவுக்கு மேல் போனால், நன்னீரை நிறுத்தினாலும் ஓட்டம் திரும்பாது. இப்படி ஓடும் நிலை, ஓடாத நிலை என்று இரண்டு நிலைகள் இருக்க முடியும் என்று 1961இல் ஹென்றி ஸ்டொமல் என்ற அமெரிக்கர் காட்டினார். அவர் கையில் இருந்தது இரண்டு தொட்டி, இரண்டையும் இணைக்கும் குழாய், சில வரிச் சமன்பாடு, அவ்வளவுதான். 1988இல் சியுகுரோ மனாபேயும் ரொனல்ட் ஸ்டௌபரும் கணினி மாதிரியில் அதே இரண்டு நிலைகளைக் கண்டார்கள். மனாபேக்கு 2021இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது நினைவிருக்கும்.

இப்போது அந்த நன்னீர் வந்துகொண்டிருக்கிறது. கிறீன்லாந்தின் பனி ஆண்டுக்கு ஏறத்தாழ 270 பில்லியன் தொன் குறைந்து வருகிறது. நம் கணக்கில் வருடத்துக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் இரணைமடு. வட துருவப் பக்கம் மழையும் கூடுகிறது. நன்னீர் ஒரு பக்கம் இருக்க, காற்றே சூடாகிவிட்டதால் மேல்நீர் முந்தியளவு குளிர்வதில்லை. குளிராத தண்ணி கனக்காது. வரும் பத்தாண்டுகளுக்கான கணிப்புகளில், தளர்வுக்குப் பனி உருகுவதைவிட இந்தச் சூடுதான் முதற்காரணமாக வருகிறது. வீடியோக்களில் பனிக்கட்டி விழுவதைக் காட்டினால்தான் பார்ப்பார்கள், அதனால் இதைச் சொல்வதில்லை.

முன்பு இப்படி நடந்திருக்கிறதா என்றால், நடந்திருக்கிறது. கடைசிப் பனியுகம் முடிந்துகொண்டிருந்தபோது வட அமெரிக்காவில் உருகிய நீர் எல்லாம் ஒரு மாபெரும் குளமாகத் தேங்கி நின்றது. அகாசிஸ் ஏரி என்று பெயர். அதன் அணைக்கட்டு மண் அல்ல, பனி. ஏறத்தாழ 8,200 வருடத்துக்கு முன் அந்தப் பனி அணை உடைப்பெடுத்து, ஏரித் தண்ணி ஹட்சன் குடா வழியாகக் கடலில் இறங்கியது. குளம் உடைப்பெடுத்தால் கீழ்வயல்கள் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். அங்கே கீழ்வயலாக இருந்தது வட அத்திலாந்திக். ஓட்டம் தளர்ந்து, சுற்றுவட்டாரம் ஒன்றரை நூற்றாண்டு குளிர்ந்து கிடந்தது. அதற்கும் முன்பு, 12,900 வருடத்துக்கு முன் தொடங்கி ஆயிரம் வருடத்துக்கு மேல் நீடித்த இன்னொரு குளிர் உண்டு. அந்தக் காலங்களில் ஆசியாவின் கோடை மழையும் மெலிந்தது என்பதைச் சீனக் குகைகளின் கல்விழுதுகளும் அரபிக் கடலின் அடிச்சேறும் காட்டுகின்றன. நமக்கு முக்கியமானது அந்தக் கடைசி வசனம்தான், அதற்குத் திரும்ப வருவேன்.

அதற்கு முன் ஒரு பழைய தடுமாற்றத்தைச் சொல்ல வேண்டும். இதில்தான் எனக்கு அறிவியல் மீது மதிப்புக் கூடியது. 2005இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் சிலர், அமொக் 30 வீதம் குறைந்துவிட்டது என்று எழுதினார்கள். உலகப் பத்திரிகைகள் எல்லாம் அதைப் போட்டன. ஆதாரம் ஐந்து கப்பல் பயணங்கள்: 1957, 1981, 1992, 1998, 2004. ஐம்பது வருடத்தில் ஐந்து தடவை இரணைமடுக் கட்டில் ஏறிப் பார்த்த ஒருவர், முதல் தடவை தைமாதம், கடைசித் தடவை ஆவணி என்றால், குளம் வற்றிவிட்டது என்றுதானே சொல்வார்? அவர்களும் இதை உணராமல் இல்லை. 2004இலேயே பஹாமாசில் இருந்து ஆபிரிக்கக் கரைவரை கடலடியில் நங்கூரமிட்ட கருவிகளை வைத்துத் தொடர்ந்து அளக்கத் தொடங்கியிருந்தார்கள். ராபிட் என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். முதல் ஆண்டிலேயே அளவு 4 மில்லியனுக்கும் 35 மில்லியனுக்கும் இடையில் ஏறி இறங்கியது. ஐம்பது வருடச் சரிவு என்று நினைத்தது ஒரே வருடத்து ஏற்ற இறக்கத்துக்குள் அடங்கிப்போனது. 2009, 2010இல் ஓட்டம் 30 வீதம் விழுந்து, பிறகு எழும்பவும் செய்தது. இருபது வருட அளவீட்டில் இப்போது சிறு சரிவு தெரிகிறது.

அளவீடு இவ்வளவு குறுகியது என்பதால், பழைய காலத்தை மறைமுகமாக அறியப் பார்க்கிறார்கள். உலக வெப்பப் படத்தை எடுத்துப் பாருங்கள், எல்லாம் சிவப்பாக இருக்க, கிறீன்லாந்துக்குத் தெற்கே மட்டும் ஒரு நீலப் பொட்டு இருக்கும். உலகமே சூடாகும்போது அந்த இடம் குளிர்ந்திருக்கிறது, அங்கே வரவேண்டிய சூடு வரவில்லை என்பது ஒரு விளக்கம். அதை வைத்து 2018இல் ஓர் ஆய்வு, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இருந்து 15 வீதம் தளர்ந்துவிட்டது என்றது. 2025 ஜனவரியில் இன்னொரு குழு கடலுக்கும் காற்றுக்கும் இடையிலான வெப்பக் கணக்கைப் பார்த்து, கடந்த அறுபது வருடத்தில் சரிவே இல்லை என்றது. இரண்டும் தரமான ஆய்வுகள்.

நீங்கள் பார்த்த வீடியோவில் 2025 என்ற ஆண்டு வந்திருக்கும். அது 2023இல் டென்மார்க்கில் இருவர் வெளியிட்ட ஆய்விலிருந்து வருகிறது. 2025க்கும் 2095க்கும் இடையில் நிற்கலாம் என்று அவர்கள் எழுதினார்கள். வீடியோக்காரர்கள் முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆய்வும் முன்சொன்ன நீலப் பொட்டின் மேற்பரப்பு வெப்பத்தையே நம்பி நிற்கிறது, அதுதான் அதன் மேல் வந்த பெரிய கண்டனம். 2024இல் நெதர்லாந்தின் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் ஒரு முழு அளவிலான காலநிலை மாதிரியில் மெல்ல மெல்ல நன்னீர் ஊற்றி ஓட்டத்தை நிறுத்திக் காட்டினார்கள். ஐரோப்பியக் குளிர்காலங்கள் பயங்கரமாக மாறின, அமேசனில் மழைக்காலமும் வறட்சிக்காலமும் இடம் மாறின. ஆனால் அதற்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரி வருடங்கள் ஊற்ற வேண்டியிருந்தது. 2025 பெப்ரவரியில் பிரித்தானியர்கள் 34 மாதிரிகளில் கரியமில வாயுவை நான்கு மடங்காக்கியும், வேறு சிலவற்றில் நன்னீரைக் கொட்டியும் பார்த்தார்கள். ஓட்டம் நன்றாக மெலிந்தது, ஒன்றிலும் முழுதாக நிற்கவில்லை. காரணம் முதலில் சொன்ன அந்தத் தென்முனைக் காற்று. வடக்கே அமிழ்வது குறைந்தாலும் தெற்கே காற்று இழுப்பதை நிறுத்தவில்லை.

ஐநாவின் காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு 2021இல் சொன்னது இரண்டு: இந்த நூற்றாண்டில் தளர்வது மிகவும் சாத்தியம், 2100க்கு முன் திடீரென்று நிற்காது என்பதில் நடுத்தர நம்பிக்கை. நடுத்தர நம்பிக்கை என்ற சொல் பலருக்கு உறுத்தியது. 2024 ஒக்டோபரில் 44 விஞ்ஞானிகள் நோர்டிக் நாடுகளின் அமைச்சர்களுக்கு, இந்த ஆபத்தைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்று கடிதம் எழுதினார்கள். என் கட்சி அந்தக் கடிதக்காரர் பக்கம்தான். அணைக்கட்டில் ஊற்றெடுத்தால் எந்தத் திகதியில் உடைக்கும் என்று கேட்டுக்கொண்டு நிற்க மாட்டோம், மண்மூட்டை தேடி ஓடுவோம். அதேநேரம், நாளைக்கே உடைக்கப் போகிறது என்று ஊரைக் கலைப்பவனையும் எனக்குப் பிடிக்காது.

அக்காவின் பங்கை இங்கே முடித்துவிடுவோம். ஒஸ்லோ இருப்பது 60 பாகை வடக்கில். அதே அகலக்கோட்டில் கனடாப் பக்கம் இருக்கும் லப்ரடோரின் வடமுனையில் மரமே முளைக்காது. ஐரோப்பாவின் இந்தச் சூட்டுக்கு மேற்கே இருந்து வரும் கடற்காற்றும் காரணம், புரள்வோட்டமும் காரணம். ஓட்டம் தளர்ந்தால் அங்கே குளிர்காலம் கடுமையாகும், புயல்கள் கூடும். அதற்கு எதிர்ப்பக்கம் உலகச் சூடும் ஏறிக்கொண்டிருக்கும் என்பதால் இரண்டும் ஓரளவு கழிபடும். ஒரே குளிர்காலத்தில் நகரங்கள் உறைவதெல்லாம் படக்கதை. மாதிரிகளில் ஓட்டம் நிற்பதற்கே பல பத்தாண்டுகள் எடுக்கிறது.

இனி நம் பக்கம். வட அரைக்கோளம் தென் அரைக்கோளத்தைவிடச் சற்றுச் சூடானது. அதற்கு ஒரு பெரிய காரணம், அமொக் மத்தியகோட்டைத் தாண்டி வெப்பத்தை வடக்கே காவுவது. உலகத்தைச் சுற்றி ஒரு மழைப்பட்டி இருக்கிறது, புவியியல் புத்தகத்தில் அயன இடை ஒருங்கல் வலயம் என்று படித்திருப்பீர்கள். அது எந்தப் பக்கம் சூடோ அந்தப் பக்கம் சாயும். அதனால் வருடச் சராசரியில் அது மத்தியகோட்டில் இல்லாமல் ஆறு பாகை வடக்கே நிற்கிறது. நம் தீவு கிடப்பது 6 பாகைக்கும் 10 பாகைக்கும் இடையில், வன்னி ஒன்பதில். வடக்கே போகும் வெப்பம் குறைந்தால் மழைப்பட்டி தெற்கே நகரும். மேற்கு ஆபிரிக்கா, இந்தியா இரண்டினதும் கோடைப் பருவமழை மெலியும். பழைய குகைக் கல்விழுதுகள் சொன்ன கதையும் இதுவே.

இதைக் கேட்டால் வன்னிக்காரர், சோழகம் மெலிந்தால் நமக்கென்ன, அது நமக்குப் புழுதிக் காற்றுத்தானே என்பார். பாதி சரி. தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவில் இறக்கிவிட்டு, காய்ந்த சோழகமாகத்தான் இங்கே வருகிறது. கனகராயன் ஆறு, பாலியாறு, பறங்கியாறு எல்லாம் உலர் வலயத்திலேயே பிறப்பவை, மலைநாட்டு மழையை நம்பியவை அல்ல. ஆனால் நாட்டு மின்சாரத்தில் ஒரு பெரிய பங்கு மலைநாட்டு நீர்த்தேக்கங்களில் இருந்து வருகிறது. சோழகம் பொய்த்தால் இந்தியாவில் அரிசி விலை ஏறும், நம் கடைக்கும் அது வரும்.

மற்றப் பாதிதான் நமக்கு நேரடியானது. வன்னியின் மழையில் பெரும்பங்கு ஒக்டோபரில் இருந்து ஜனவரிக்குள் வருகிறது. அந்த மழைப்பட்டி வடக்கே இருந்து தெற்கே திரும்பும்போது ஒக்டோபர், நவம்பரில் நம் தலைக்கு மேலாகத்தான் இறங்குகிறது. பின்னால் வாடைக் காற்றும் வங்காள விரிகுடாவின் தாழமுக்கங்களும் வருகின்றன. காலபோகத்துக்குப் புழுதி விதைப்புச் செய்துவிட்டு வானத்தைப் பார்த்து நிற்பவருக்கு வருட மொத்த மழை எவ்வளவு என்பது பெரிய விஷயமல்ல. விதைத்த பிறகு எத்தனை நாளில் முதல் மழை, கதிர் முற்றும் நேரத்தில் வெள்ளம் நிற்குமா, இவைதான் கணக்கு. மழைப்பட்டி நகர்வது என்றால் நகர்வது இந்தக் கணக்குத்தான். ஒரு கிழமை முந்தினாலும் பிந்தினாலும் சிறுபோகக் கூட்டத்தில் எத்தனை ஏக்கர் என்ற பேச்சே மாறிவிடும்.

அமொக் அவ்வளவு தூரம் தளர்வதற்கு முன்பே நம் பக்கத்துக் கடல் நம்மை உலுக்கத் தொடங்கிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். வெப்ப வலயச் சமுத்திரங்களில் வேகமாகச் சூடாவது இந்து சமுத்திரம், 1950க்குப் பிறகு நூறு வருடத்துக்கு 1.2 பாகை என்ற வேகத்தில். இந்து சமுத்திரத்தின் மேற்குப் பக்கம் சூடு கூடி, சுமாத்திராப் பக்கம் குறைந்தால் நமக்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை கூடும். மறுதலையாக இருந்தால் மழை பொய்க்கும். 2016இல் அப்படி மறுதலையாகக் கிடந்தது. அந்தக் காலபோகம் என்ன ஆயிற்று, 2017இல் குளங்கள் எப்படிக் கிடந்தன என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். நாற்பது வருடத்தில் காணாத வரட்சி அது. அடுத்த வருடமே, 2018 டிசம்பரில், இரணைமடு வான்கதவுகளைத் திறந்துவிட்டு கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றன. 2020இல் புரெவிப் புயல் வந்தது, 2025 நவம்பரில் டித்வாப் புயல். இவற்றை அமொக்கின் தலையில் கட்ட முடியாது. சூடேறிய கடல் மேலே வைத்திருக்கும் ஈரப்பதத்தின் வேலை இது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் சமுத்திரம் சூடாவது அத்திலாந்திக் ஓட்டத்துக்கு முட்டுக்கொடுக்கிறது என்று 2019இல் இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் கணித்தார்கள். இங்கே சூடு கூடினால் இங்கே மழை கூடுகிறது. அதன் எதிர்விளைவாக வெப்ப வலய அத்திலாந்திக்கில் மழை குறைகிறது. மழை குறைந்தால் அந்த நீர் உப்புக் கூடி வடக்கே போய் நன்றாக அமிழ்கிறது. போதாதற்கு, ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்றி இந்து சமுத்திரத்தின் சூடான உப்புநீர் சுழல் சுழலாக அத்திலாந்திக்குக்குள் கசிந்துகொண்டே இருக்கிறது. ரியூப்பின் மறுமுனையில் வாய் வைத்து உறிஞ்சுபவர்களில் நம் கடலும் ஒருவர். ஆகவே அது எங்கேயோ கிறீன்லாந்துச் சங்கதி என்று கைகழுவ வழியில்லை.

அத்திலாந்திக் மட்டும் அல்ல என்பதையும் சேர்க்க வேண்டும், சுருக்கமாக. அந்தாட்டிக்காவைச் சுற்றி அமிழும் நீர் 2050க்குள் 40 வீதம் குறையலாம் என்று 2023இலும், அந்தக் கண்டத்தைச் சுற்றியோடும் உலகின் மிகப் பெரிய நீரோட்டம் 20 வீதம் தளரலாம் என்று 2025இலும் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். இரண்டும் புகைவெளியீடு கட்டுப்படாமல் போனால் என்ற கணக்கு. நாம் உண்டாக்கிய மேலதிக வெப்பத்தில் 90 வீதத்துக்கு மேல் சமுத்திரங்கள்தான் விழுங்கியிருக்கின்றன. விழுங்கியதை ஆழத்துக்கு அனுப்பும் தொண்டை இந்தப் புரள்வோட்டங்கள்.

மாமாவுக்கு வருவோம். அவர் வலையை இழுப்பது இந்த அடியோட்டம் அல்ல. வங்காள விரிகுடாவின் கரையோட்டம் காற்றோடு திசை மாறுவது. உலகத்தில் இப்படி வருடத்தில் இரண்டு தடவை திசை திரும்பும் பெரிய நீரோட்டங்கள் நம் இந்து சமுத்திரத்தின் தனிக்குணம். வாடை காலத்தில் அது நம் கிழக்குக் கரையோரமாகத் தெற்கே ஓடும். கங்கையும் பிரமபுத்திராவும் ஐராவதியும் கொட்டிய உப்புக் குறைந்த தண்ணியைக் காவிக்கொண்டு வரும். பர்மாப் பக்கத்து மூங்கில் தெப்பங்கள் மாரியில் நம் கரையில் ஒதுங்குவதை மாமா கண்டிருப்பார். 2024 டிசம்பரில் நூற்றுக்கு மேற்பட்ட றோஹிங்கியா மக்களோடு ஒரு படகை முள்ளிவாய்க்கால் கடலில் நம் மீனவர்கள் கண்டார்களே, அதையும் காற்றும் இந்த ஓட்டமும்தான் இந்தப் பக்கம் தள்ளிவந்தன. சோழக காலத்தில் கதை வேறு. தீவுக்குத் தெற்கே கிழக்கு நோக்கி வரும் ஓட்டம் வங்காள விரிகுடாவுக்குள் வளைந்து திரும்ப, நம் கிழக்குக் கரைக்கு வெளியே பெரிய சுழல் ஒன்று உண்டாகி, குளிர்ந்த அடிநீர் மேலே வரும். அடிநீரோடு உரம் வரும், உரம் இருந்தால் மீன் வரும்.

இவை காற்றுக்குக் கட்டுப்பட்டவை, கிழமைக் கணக்கில் மாறுபவை. வாடை பிந்தினால் தண்ணி திரும்புவதும் பிந்தும். ஆகவே மாமா சொல்வதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். நாற்பது வருடம் கரைவலை இழுத்தவருக்குக் கயிற்றின் இழுவையில் தெரிவது எனக்குப் புத்தகத்தில் தெரியாது. ஆனால் முந்தி மாதிரி இல்லை என்பது, அந்த ஐந்து கப்பல் பயணம் மாதிரி. எந்த வருடத்தை எந்த வருடத்தோடு வைத்துப் பார்க்கிறார் என்று அவருக்கே சொல்லத் தெரியாது.

ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள். தண்ணி தெற்கே திரும்பிய திகதி, வலை எந்தப் பக்கம் இழுபட்டது, சூடை மீனும் கீரி மீனும் பட்ட நாள், கடல் நிறம் மாறிய நாள், இவற்றை அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். இரணைமடுவின் நீர்மட்டத்தை அடிக்கணக்கில் நான் இருபத்திரண்டு வருடமாகக் குறித்து வைத்திருக்கிறேன், நடுவில் இடம்பெயர்ந்த மாதங்கள் மட்டும் வெற்றிடம். உங்கள் கொப்பியில் நாலைந்து மாரி சேர்ந்த பிறகு கிளிநொச்சிக்குக் கொண்டு வாருங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.